ஒன்றும் நடக்காத படங்கள்

பத்து தீகாவில் ஏறி
இடப்பக்கம் உட்கார்ந்தால்
வெயில் மறுபக்கத்தாருக்கு.
மகளிர் பெட்டி. கண்ணாடியில் எவளோ
சாவியால் கீறிய அரை இதயம்;
நாளைக்கு வேறு பெட்டி, வேறு கீறல்.
கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிப்பேன்,
காய்ச்சல் பார்ப்பதைப் போல.

கால்வாய்.
காரைக் கழுவிக்கொண்டே பல் துலக்கும் ஒருவர்.
பந்தாய் டாலாம் அடுக்குமாடியில்
பதினோராம் மாடிக் கம்பியில் காயும்
ஒரே ஒரு பச்சைச் சட்டை.
தகரக் கூரைமேல், எதற்கென்று தெரியாமல், ஒரு நாற்காலி.
மழை பெய்தால் மழை.
பாதிப் படங்களில் மின்கம்பம் குறுக்கே வந்து நிற்கும்.
அழிப்பதில்லை.
கம்பமும் காலையில் வேலைக்கு வந்ததுதானே.

"இதையெல்லாமா எடுப்ப?" என்றாள் ஜெனிதா,
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு.
"ஒண்ணுமே இல்லையே இதுல."
ஒண்ணுமே இல்லைதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு வேலை,
மோட்டார் காப்புறுதி, இழப்பீட்டுப் பிரிவு.
ஒன்பது மணியிலிருந்து
ஏதோ நடந்துவிட்ட படங்களையே பார்க்கிறேன்.
நசுங்கிய கதவு, சிதறிய விளக்கு,
தார்ச்சாலையில் ஒற்றைச் செருப்பு.
ஒவ்வொன்றின் கீழும் தேதி, நேரம், சேதம் இவ்வளவு.
செருப்புக்கு நாங்கள் எதுவும் தருவதில்லை.
அதனால்தான் வழியில்
இன்னும் எதுவும் ஆகாத இடங்களைச்
சேர்த்துக்கொள்வது,
கைச்செலவுக்குச் சில்லறை போல.

போன வியாழன் ஒரு கோப்பு வந்தது.
ஓங் சியூ லான். தாவ்ஃபூஃபா வியாபாரம்.
வெள்ளை வேன், பின்கதவு உள்வாங்கியிருந்தது.
'பதினான்காம் தேதி இரவு நிறுத்தியிருந்தபோது
யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.'
வேனுக்குப் பின்னால் ஒரு சுவர்,
சுவரோரம் நீலத் தண்ணீர்த் தொட்டி,
தொட்டியில் சாய்த்த ஏணி.

அந்த ஏணியை எனக்குத் தெரியும்.

பெட்டாலிங் தாண்டி
ரயில் வேகம் எடுக்குமுன் ஏழு விநாடி.
பன்னிரண்டாம் தேதியில் தேடினேன்.
காலை 7.42.
ஏணி. தொட்டி. வெள்ளை வேன்.
பின்கதவில் ஏதோ கறுப்பாக.

பெரிதாக்கினேன். பள்ளமா?
இன்னும் பெரிதாக்கினேன். மின்கம்பத்தின் நிழலா?
இன்னும்.
என் பக்கத்தில் நின்றவளின் தோள்பை
கண்ணாடியில் விழுந்ததா?
இன்னும்.
சாம்பல் கட்டங்கள்,
ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு.
யார் கேட்டாலும் அவை வாய் திறக்காது;
நான்தான் திறக்க வேண்டும்.

இரண்டாயிரத்து முந்நூறு வெள்ளி.
எத்தனை கிண்ணம் விற்றால் அது வரும் என்று
கணக்குப் போட்டேன்;
கணக்குப் போட்ட என்னை எனக்குப் பிடிக்கவில்லை.
இரக்கம் என்று பெயர் வைத்தால் பொய்யாகிவிடும்.
உறுத்தியது வேறு:
இரண்டு வருடமாக நான் எடுத்ததில்
எத்தனையில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது?
பச்சைச் சட்டை ஏன் ஒன்றே ஒன்று?
கூரைமேல் அந்த நாற்காலியில்
யார் உட்கார்ந்து
என்ன முடிவு செய்தார்?

கோப்பை மூடி
மேசையின் ஓரத்துக்குத் தள்ளினேன்.
ஜெனிதா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். போனேன்.

வெள்ளிக்கிழமை காலை
'ஸ்தேசேன் பெரிகுத்ஞா, பந்தாய் டாலாம்'
என்று குரல் சொல்லி முடிப்பதற்குள் சுவர் வந்தது.
வேன் நின்றிருந்தது,
பின்கதவை மேலே தூக்கித் திறந்தபடி.
திறந்த கதவில் பள்ளம் தெரியாது.
ஓர் அம்மாள், ஓங் சியூ லானாக இருக்கலாம்,
அலுமினியப் பானையை முழங்காலால் முட்டுக்கொடுத்து
உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்.
பானையைச் சுற்றி ஆவி.
ஒரு தரம் நிமிர்ந்து
ரயிலைப் பார்த்தார்,
எந்த ஜன்னலையும் பார்க்காமல்.

கைப்பேசி கண்ணாடியில் ஒட்டியே இருந்தது.
விரல் அழுத்தவில்லை.
ஏழு விநாடி.
பிறகு கால்வாய் வந்தது.
கால்வாயை எடுத்தேன்.